கல்லூரி ஃபுட்பாலில் அட்டவணை வலிமையும் மரியாதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களும் பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்பவர்களுமாகத் தமிழர்கள் பலர் இப்போது சனிக்கிழமைகளில் கல்லூரி ஃபுட்பால் (சாக்கர் அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) பார்க்கிறார்கள். ஆட்டத்தின் விதிகள் அவர்களுக்கு விரைவில் பழகிவிடுகின்றன. டிசம்பர் தொடக்கத்தில், தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபுக்குத் தகுதி பெற்ற அணிகளை அறிவிக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. அப்போது திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

வென்றால் வெற்றிதானே? யாரை வென்றோம் என்று எதற்குப் பார்க்க வேண்டும்?

எல்லோரும் எல்லோருடனும் ஆடும் போட்டியில் அந்தக் கேள்வி எழாது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளுடன் இரண்டு முறை மோதுகிறது. மே மாதத்தில் புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் போதும், வாதத்துக்கு இடமில்லை. கல்லூரி ஃபுட்பாலின் மேல்நிலைப் பிரிவில் 2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி 136 அணிகள் இருக்கின்றன. ஓர் அணி பருவத்தில் ஆடுவது 12 ஆட்டங்கள். அதாவது, தன் பிரிவில் உள்ள அணிகளில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது நேரில் சந்திப்பதில்லை.

ஆகவே 11 வெற்றி, 1 தோல்வி என்று நிற்கும் இரண்டு அணிகளுக்குப் பொதுவான எதிரணி ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அவற்றை ஒப்பிட வேண்டுமானால், ஒவ்வொன்றும் எத்தகைய எதிரணிகளைச் சந்தித்தது என்பதைப் பார்த்தே ஆக வேண்டும். எதிரணிகளின் ஒட்டுமொத்தக் கடினத்தையே அட்டவணை வலிமை என்கிறோம்.

இந்த அட்டவணையைப் போடுவது யார்? ஒரே அமைப்பு எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டால் சண்டையே இருக்காதே?

அப்படி ஓர் அமைப்பு இல்லை. 8 அல்லது 9 ஆட்டங்களை அந்த அணி சேர்ந்திருக்கும் கான்ஃபரன்ஸ், அதாவது பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, முடிவு செய்கிறது. மீதமுள்ள 3 அல்லது 4 ஆட்டங்களுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையும் தானே எதிரணியைத் தேடி ஒப்பந்தம் செய்துகொள்கிறது. பிக் டென், பிக் 12 ஆகிய பெரிய கான்ஃபரன்ஸ்கள் கான்ஃபரன்ஸுக்குள் 9 ஆட்டங்கள் ஆடிவந்த காலத்தில், இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸான எஸ்இசி 8 ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டது. அந்த ஓர் ஆட்ட வேறுபாட்டைப் பற்றிப் பல ஆண்டுகள் கசப்பான வாதம் நடந்தது. 2026 முதல் தானும் 9 ஆட்டங்கள் ஆடப்போவதாக எஸ்இசி 2025 ஆகஸ்டில் அறிவித்தது. நோட்டர் டேம் போல எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத அணிகள் தம் ஆட்டங்களைத் தாமே ஒப்பந்தம் செய்து அமைத்துக்கொள்கின்றன.

பெரிய அணிகளுக்கு இடையிலான ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே, சில சமயம் பத்தாண்டுகளுக்கு முன்பே, கையெழுத்தாகிவிடுகின்றன. கையெழுத்திட்ட நாளில் வலுவாக இருந்த எதிரணி, ஆடும் நாளில் நொடித்துப் போயிருக்கக்கூடும். அதற்காக இவர்களைக் குற்றம் சொல்வதும் நியாயமல்ல, இவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் நியாயமல்ல.

கப்கேக் ஆட்டம் என்கிறார்களே, பணம் கொடுத்து வெற்றியை வாங்குவதா அது?

பலவீனமான அணியை வரவழைத்து ஆடும் ஆட்டத்தைத்தான் கப்கேக் என்கிறார்கள். பணம் கொடுப்பது உண்மை. ஆனால் அது வருகைக்கான தொகை. ஆட்டத்தின் முடிவுக்கான விலை அன்று. பெரிய பல்கலைக்கழகம் தன் மைதானத்தில் ஆண்டுக்கு ஏழு ஆட்டங்களாவது நடத்த விரும்புகிறது, ஏனெனில் ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்திலும் டிக்கெட், வாகன நிறுத்தம், தின்பண்டம் என்று வருமானம் குவிகிறது. எதிரணியின் ஊருக்குத் திரும்பச் சென்று ஆட வேண்டிய கடமை இல்லாமல் ஒரு சிறிய அணியைப் பணம் கொடுத்து அழைத்தால் அந்த வருமானம் முழுவதும் கையில் தங்கும். சிறிய பல்கலைக்கழகத்துக்கோ அந்த ஒரு காசோலை அதன் விளையாட்டுத் துறைச் செலவில் கணிசமான பங்கைத் தாங்கிப் பிடிக்கும்.

முடிவு யார் பக்கமும் போகலாம். 2007இல் ஒரு படி கீழ்ப் பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட், 4 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு மிச்சிகனுக்குச் சென்று, அப்போது 5ஆம் இடத்தில் இருந்த அந்த அணியை 34–32 என்று வீழ்த்தியது. கீழ்ப் பிரிவு அணிகளுக்கும் வாக்களிக்கலாம் என்று ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசை விதியே அதன் பிறகு மாற்றப்பட்டது. 2022 செப்டம்பரில் ஒரே நாளில் நோட்டர் டேமை மார்ஷலும், டெக்சஸ் ஏ அண்ட் எம்மை அப்பலாச்சியன் ஸ்டேட்டும் அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தன. அழைத்து, பணமும் கொடுத்து, தோற்றும் போனார்கள். ஆனாலும் இவை விதிவிலக்குகள். இத்தகைய ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை இடைவேளைக்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

அட்டவணை வலிமையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அந்த எண்ணை நம்பலாமா?

எளிய வழி, எதிரணிகள் பெற்ற வெற்றி விகிதத்தைக் கூட்டுவது. பட்ட ஆட்டத்துக்குரிய இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுக்க 1998இல் தொடங்கிய பிசிஎஸ் முறை அதன் முதல் சில ஆண்டுகளில் இதைத்தான் செய்தது. எதிரணிகளின் வெற்றி–தோல்விக்கு மூன்றில் இரண்டு பங்கு, அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது அதன் கணக்கு. இதன் குறை வெளிப்படையானது. பலவீனமான கான்ஃபரன்ஸில் 9 ஆட்டங்களை வென்ற அணியும், எஸ்இசியில் 9 ஆட்டங்களை வென்ற அணியும் இந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். 2004இல் அட்டவணை வலிமையைத் தனிக் கூறாக வைப்பதைப் பிசிஎஸ் கைவிட்டது. இப்போது புழங்கும் ஈஎஸ்பிஎன்னின் எஃப்பிஐ, பில் கானலியின் எஸ்பி பிளஸ் போன்ற அளவீடுகள் ஒவ்வோர் அணியின் திறனையும் முதலில் மதிப்பிட்டு, அந்த மதிப்பைக் கொண்டு எதிரணிகளை எடைபோடுகின்றன.

ஆனால் எந்த முறையானாலும் சராசரி என்ற ஒரு பொறி இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். முதல் அட்டவணையில் பன்னிரண்டுமே நடுத்தர அணிகள். இரண்டாவதில் நான்கு மலைகளும் எட்டு மடுக்களும். சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மிக வலுவான ஓர் அணி, நடுத்தர அணியைப் பத்துக்கு ஒன்பது முறை வெல்லும் என்றால், முதல் அட்டவணையில் ஒரு தோல்வியும் இல்லாமல் மீளும் வாய்ப்பு 28 விழுக்காடு. அதே அணிக்கு மலைகளை வெல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, மடுக்களை வெல்லும் வாய்ப்பு 99 விழுக்காடு என்றால், இரண்டாவது அட்டவணையில் தோல்வியின்றி மீளும் வாய்ப்பு 6 விழுக்காட்டைத் தாண்டாது. பலவீனமான அணிக்கு இதுவே தலைகீழாகும்: எட்டு மடுக்கள் இருப்பதால் இரண்டாவது அட்டவணைதான் அதற்கு எளிது.

ஆகவே "கடினமான அட்டவணை" என்று யாராவது சொன்னால், யாருக்குக் கடினம் என்று கேட்பது பொருத்தம். பட்டத்துக்குப் போட்டியிடும் அணியைப் பொறுத்தவரை, அட்டவணையின் அடிமட்டம் எவ்வளவு மோசம் என்பது பெரும்பாலும் பொருட்டல்ல. உச்சியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் பொருட்டு.

அட்டவணை வலிமை என்கிறார்கள், ரெக்கார்ட் வலிமை என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை, இந்த விவாதத்தில் நடக்கும் குழப்பத்தில் பாதி இவ்விரண்டையும் ஒன்றாக்குவதால் வருகிறது. அட்டவணை வலிமை என்பது வினாத்தாளின் கடினம். ரெக்கார்ட் (வெற்றி–தோல்விக் கணக்கு) வலிமை என்பது அந்த வினாத்தாளில் பெற்ற மதிப்பெண்ணின் அருமை. கடினமான வினாத்தாளை எழுதினேன் என்பதற்காக மட்டும் யாருக்கும் முதலிடம் தருவதில்லை. சராசரியான ஒரு முன்னணி அணி இதே அட்டவணையை ஆடியிருந்தால் இத்தனை வெற்றிகளைப் பெறும் வாய்ப்பு எவ்வளவு என்பதே ரெக்கார்ட் வலிமை கேட்கும் கேள்வி.

2025 பருவத்துக்கு முன் பிளேஆஃப் தேர்வுக் குழுவும் இப்படி ஓர் அளவீட்டைத் தன் கருவிகளில் சேர்த்துக்கொண்டது. வலுவான அணியை வென்றால் கூடுதல் பலன், வலுவான அணியிடம் தோற்றால் குறைந்த பாதிப்பு, பலவீனமான அணியிடம் தோற்றால் பெரிய பாதிப்பு என்பது அதன் போக்கு. என் கருத்தில் இது பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய மாற்றம்.

மரியாதை என்ற ஒன்றை எங்கிருந்து பெறுகிறார்கள்? அது வெறும் பெயர்தானே?

பெரும்பங்கு பெயர்தான், ஆனால் அந்தப் பெயர் இயங்கும் விதம் கவனிக்கத் தக்கது. ஏபி தரவரிசை 1936 முதல் பத்திரிகையாளர்களின் வாக்குகளால் அமைகிறது; இன்று சுமார் 60 பேர் வாக்களிக்கிறார்கள். முதல் பட்டியல் ஆகஸ்டில், ஓர் ஆட்டமும் ஆடப்படுவதற்கு முன் வெளியாகிறது. கடந்த ஆண்டின் நினைவும், ஆள் சேர்ப்பின் புகழும், பயிற்சியாளரின் பெயரும்தான் அதற்கு அடிப்படை. பிறகு வென்ற அணி தன் இடத்தில் நிற்கும், தோற்ற அணி இறங்கும் என்ற பழக்கத்தால் அந்த ஆகஸ்ட் ஊகத்தின் சாயல் நவம்பர் வரை நீடிக்கிறது.

இதோடு ஒரு சுழற்சியும் சேர்கிறது. ஒரு கான்ஃபரன்ஸில் ஆறு அணிகள் உயர்ந்த இடத்தில் தொடங்கினால், அவை தமக்குள் மோதும் ஒவ்வோர் ஆட்டமும் வென்றவருக்கு "சிறந்த வெற்றி", தோற்றவருக்கு "மன்னிக்கத் தக்க தோல்வி" ஆகிறது. வெளியாரோடு மோதாமலேயே கான்ஃபரன்ஸ் முழுதும் உயரத்தில் தங்கிவிடும். வெளிக் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் மட்டுமே இந்தச் சுழற்சியை உடைக்கக்கூடியவை, அவையோ ஓர் அணிக்கு மூன்றோ நான்கோதான். 13 பேர் கொண்ட தேர்வுக் குழு தன் முதல் பட்டியலை நவம்பர் தொடக்கம் வரை தள்ளிப்போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பதின்மூவரும் ஆகஸ்ட் பட்டியலைப் படித்த மனிதர்களே.

சிறிய கான்ஃபரன்ஸ் அணி ஒன்று தேசியப் பட்டம் வென்றதே இல்லையா?

வென்றிருக்கிறது. 1984இல் டபிள்யூஏசி என்ற கான்ஃபரன்ஸிலிருந்து பிரிகம் யங் 13 வெற்றி, 0 தோல்வி (13–0) என்று முடித்து வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது. முதல் ஆட்டத்தில், அப்போது 3ஆம் இடத்தில் இருந்த பிட்ஸ்பர்கை 20–14 என்று வென்றதுதான் அதன் பெரிய சான்று. அந்தப் பிட்ஸ்பர்க் பருவத்தை 3 வெற்றி, 7 தோல்வி, 1 சமன் என்று முடித்தது. கடைசியாக, பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களில் ஒன்றான ஹாலிடே பௌலில் 24–17 என்று வென்றதும் 6–5 என்ற நிலையில் வந்த மிச்சிகனைத்தான். அது உரிய பட்டமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. எதிரணியின் மதிப்பு ஆடிய நாளில் எவ்வளவு, பருவம் முடிந்தபின் எவ்வளவு என்ற வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. இறுதி மதிப்பைத்தான் கொள்ள வேண்டும் என்பது என் நிலை; ஆனால் அதற்காக அந்த அணியைப் பழிப்பது பொருந்தாது, தோல்வி அடையாத பெரிய அணி அந்த ஆண்டு வேறு எதுவும் இல்லை.

மரியாதை வேண்டுமென்றால் பெரிய அணிகளோடு மோதி வெல்லட்டுமே? யார் தடுத்தார்கள்?

பெரும்பாலும் அந்தப் பெரிய அணிகளே தடுத்தன. பாய்சி ஸ்டேட்டின் கதையைப் பார்க்கலாம். 2006 பருவத்தின் முடிவில் ஃபியஸ்டா பௌலில் ஓக்லஹோமாவைக் கூடுதல் நேரத்தில் 43–42 என்று வென்று 13–0 ஆனது. ஏபி பட்டியலில் கிடைத்தது 5ஆம் இடம். 2009இல் ஓரிகனைத் தன் ஊரில் வென்றது. 2010இல் நாட்டின் மறுகோடிக்குப் பறந்து வர்ஜீனியா டெக்கை வென்றது. 2011இல் அட்லாண்டாவிலேயே ஜார்ஜியாவை வென்றது. இத்தனைக்குப் பிறகும் "அட்டவணை பலவீனம்" என்ற சொல் அதை விட்டு அகலவில்லை. இத்தகைய அணியோடு மோதுவதில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு என்ன ஆதாயம்? வென்றால் "வெல்ல வேண்டியதுதானே" என்பார்கள், தோற்றால் பருவமே போயிற்று. ஆகவே அழைப்பை ஏற்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

2008இல் யூட்டா சுகர் பௌலில் அலபாமாவை 31–17 என்று வென்று, தோல்வியே இல்லாமல் பருவத்தை முடித்தது. 2ஆம் இடத்தோடு நிற்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு தோல்வியே காணாத டிசியுவும் பாய்சி ஸ்டேட்டும் வெவ்வேறு பெரிய அணிகளைச் சந்திக்கும் வாய்ப்பு இருந்தது. ஃபியஸ்டா பௌலில் இருவரையும் ஒருவரோடொருவர் மோதவிட்டார்கள். இருவரில் ஒருவர் தோற்பது உறுதி, பெரியவர்கள் யாருக்கும் ஆபத்தில்லை. இது சதி என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் மிக வசதியான தற்செயல்.

2010 நவம்பரில் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத் தலைவர் கார்டன் கீ, தங்கள் அணிகள் ஏழைகளுக்குத் தொண்டு செய்யும் கன்னியர் சபையோடு ஆடுவதில்லை என்று பாய்சி ஸ்டேட், டிசியு ஆகியவற்றை எண்ணிக் கிண்டலாகச் சொன்னார். சில வாரங்களில் டிசியு, பிக் டென்னின் விஸ்கான்சினை ரோஸ் பௌலில் 21–19 என்று வென்றது. கீ பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

இது சிறிய அணிகளுக்கு மட்டும் வரும் சிக்கல்தானே? எஸ்இசி அணிக்கு நேர்ந்திருக்கிறதா?

2004இல் ஆபர்னுக்கு நேர்ந்தது. எஸ்இசி பட்டத்தோடு 13–0. ஆயினும் பட்ட ஆட்டத்துக்கு யுஎஸ்சியும் ஓக்லஹோமாவும் சென்றன. முன்பு சொன்ன ஆகஸ்ட் ஊகம் இங்கே வெளிப்படையாக வேலை செய்தது: அந்த இரு அணிகளும் பருவத் தொடக்கத்தில் 1, 2 ஆம் இடங்களில் இருந்தன, ஆபர்ன் 17இல் இருந்தது. மேலே உள்ளவர்கள் தோற்கவேயில்லை என்பதால் ஏறுவதற்கு இடமில்லை. ஆபர்ன் தன் பங்குக்கு வெளிக் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் லூயிசியானா–மன்ரோ, லூயிசியானா டெக், கீழ்ப் பிரிவைச் சேர்ந்த சிட்டடெல் ஆகியவற்றோடு ஆடியிருந்தது, அந்தப் பட்டியலைக் காட்டி வாதாடுவது எளிதாயிருக்கவில்லை. பட்ட ஆட்டத்தில் யுஎஸ்சி 55–19 என்று ஓக்லஹோமாவை நொறுக்கியபோது ஆபர்ன் ரசிகர்களின் கோபம் இன்னும் கூடியது.

2014இல் டிசியு 55–3 என்று வென்றும் 3ஆம் இடத்திலிருந்து 6ஆம் இடத்துக்கு இறங்கியது எப்படி?

நான்கு அணி பிளேஆஃபின் முதல் ஆண்டு அது. டிசியு கடைசி வாரம் அயோவா ஸ்டேட்டை வென்றது. அதே நாளில் ஓஹாயோ ஸ்டேட் பிக் டென் பட்ட ஆட்டத்தில் விஸ்கான்சினை 59–0 என்று வென்றது. பிக் 12க்கு அப்போது பட்ட ஆட்டமே இல்லை. அதோடு டிசியுவை 61–58 என்று வென்றிருந்த பேய்லரும் அதே 11–1 கணக்கில் நின்றது, அந்தப் பேய்லர் கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடியதோ எஸ்எம்யு, பஃபலோ, கீழ்ப் பிரிவின் நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட். இறுதியில் ஓஹாயோ ஸ்டேட் 4, பேய்லர் 5, டிசியு 6. சொந்த ஊரில் வர்ஜீனியா டெக்கிடம் தோற்றிருந்த ஓஹாயோ ஸ்டேட் தேசியப் பட்டத்தையே வென்றது. 13ஆவது ஆட்டம் ஒன்று இருப்பதன் பயனைப் பிக் 12 உணர்ந்துகொண்டு, 2017 முதல் பட்ட ஆட்டத்தை மீண்டும் நடத்தத் தொடங்கியது.

சென்ட்ரல் ஃப்ளோரிடா 2017இல் தன்னைத் தானே தேசிய சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டது வேடிக்கை இல்லையா?

அவர்கள் நடத்திய வெற்றி ஊர்வலம் வேடிக்கைதான், வாதம் வேடிக்கையல்ல. சிறிய கான்ஃபரன்ஸைச் சேர்ந்த அந்த அணி 13–0. பீச் பௌலில் ஆபர்னை 34–27 என்று வென்றது. அந்த ஆபர்ன்தான் அதே பருவத்தில் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் தோற்கடித்திருந்தது. பட்ட ஆட்டத்தில் மோதியவையும் அவை இரண்டே. வெற்றி–தோல்வியை மட்டும் கொண்டு கணிக்கும் காலி மேட்ரிக்ஸ் என்ற கணினித் தரவரிசை சென்ட்ரல் ஃப்ளோரிடாவை முதலிடத்தில் வைத்தது. தேர்வுக் குழுவின் இறுதிப் பட்டியலிலோ அதற்குக் கிடைத்தது 12ஆம் இடம்.

அட்டவணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜார்ஜியா டெக்கோடு ஆட வேண்டிய ஆட்டம் இர்மா புயலால் ரத்தானது. பெரிய கான்ஃபரன்ஸ் அணியை எதிர்கொள்ளும் வாய்ப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும்போது, ஒரு புயல் அதில் ஒன்றைத் தட்டிப் பறித்துவிடுகிறது. அலபாமாவின் ஓர் ஆட்டம் ரத்தாகியிருந்தால் அதன் மதிப்பில் ஒரு மாற்றமும் வந்திராது.

அப்படியானால் சிறிய கான்ஃபரன்ஸின் சின்சினாட்டி 2021இல் எப்படிப் பிளேஆஃபுக்குள் வந்தது?

வாசல் திறக்க எத்தனை பொருத்தங்கள் ஒன்றாக அமைய வேண்டும் என்பதற்கு அதுவே கணக்கு. முந்தைய ஆண்டும் தோல்வியின்றிப் பருவ ஆட்டங்களை முடித்திருந்ததால் உயர்ந்த இடத்திலேயே தொடங்கியது. நோட்டர் டேமை அதன் ஊரிலேயே 24–13 என்று வென்றது. அந்த நோட்டர் டேம் பருவத்தின் 12 ஆட்டங்களில் வேறு யாரிடமும் தோற்கவில்லை. பிக் 12, ஏசிசி, பேக் 12 பட்டங்களை வென்ற அணிகள் எல்லாம் இரண்டோ மூன்றோ தோல்விகளோடு நின்றன. இத்தனையும் கூடிய பின்னரே 4ஆம் இடம். அரையிறுதியில் அலபாமாவிடம் 27–6 என்று தோற்றது, "பார்த்தீர்களா" என்றார்கள். நான்கு அணி பிளேஆஃபில் பெரிய கான்ஃபரன்ஸ் அணிகள் இதைவிட மோசமாகத் தோற்ற ஆட்டங்கள் பல உண்டு, அவற்றின் மரியாதையை அதற்காக யாரும் கேள்வி கேட்கவில்லை.

2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன், 13–0. அதையும் ஒதுக்கினார்களே, அட்டவணை பலவீனம் என்றா?

அட்டவணை ஒரு பகுதிதான். எல்எஸ்யுவையும் ஃப்ளோரிடாவையும் வென்ற அணியின் அட்டவணையை வெறுமை என்று சொல்ல முடியாது. நவம்பரில், தாக்குதலை வழிநடத்தும் அதன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காலில் காயமடைந்து பருவத்தை இழந்தார். முக்கிய வீரர்கள் இல்லாததைக் கணக்கில் கொள்ளக் குழுவின் நெறிமுறை இடம் தருகிறது. ஜார்ஜியாவை வென்ற அலபாமா ஒரு தோல்வியோடும், அந்த அலபாமாவை அதன் ஊரிலேயே வென்ற டெக்சஸ் ஒரு தோல்வியோடும் நின்றன. குழு அவை இரண்டையும் எடுத்துக்கொண்டது.

இங்கேதான் எல்லா வாதங்களின் வேரும் தெரிகிறது. "இன்று ஆடினால் யார் வெல்வார்கள்" என்பது ஒரு கேள்வி, "இதுவரை ஆடியதைக் கொண்டு யாருக்கு உரிமை" என்பது வேறொரு கேள்வி. அட்டவணை வலிமை இரண்டாவது கேள்விக்கு உரிய கருவி. முதல் கேள்விக்குக் காயமும் ஆள் பலமும் போதும், 12 ஆட்டங்களை ஆடவே தேவையில்லை. சனிக்கிழமை ஆட்டங்களுக்கு ஏதேனும் பொருள் இருக்க வேண்டுமானால் இரண்டாவதற்கே முன்னுரிமை என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கில் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு இழைக்கப்பட்டது அநீதி.

ஆனால் அதே ஃப்ளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்றதே, குழு சொன்னது சரிதானே?

அந்த ஆரஞ்ச் பௌலில் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் முன்னணி வீரர்கள் பெருந்திரளாக விலகிக்கொண்டார்கள்; பட்டத்துக்கு வாய்ப்பில்லாத ஆட்டத்தில் காயப்பட்டுத் தொழில்முறை வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. பிளேஆஃபில் இடம் கிடைத்திருந்தால் களம் கண்டிருக்கும் அணி வேறு. ஆகவே அந்தக் கணக்கை எதற்கும் சான்றாக வைப்பதில் பயனில்லை. அதே பருவத்தில் 13–0 என்று வந்த லிபர்ட்டி, ஓரிகனிடம் 45–6 என்று தோற்றதற்கு மட்டும் ஓரளவு எடை கொடுப்பேன். லிபர்ட்டியின் அட்டவணையில் பெரிய கான்ஃபரன்ஸ் அணி ஒன்றுகூட இருக்கவில்லை, அதைப் பற்றி முன்பே எழுந்த ஐயம் நியாயமானதுதான்.

2024 முதல் 12 அணிகள் ஆடுகின்றன. இனி இந்தச் சண்டை தேவையில்லைதானே?

சண்டை 4ஆம் இடத்திலிருந்து 12ஆம் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. சிறிய கான்ஃபரன்ஸ்களுக்கு ஒரு நன்மை கிடைத்தது. 2024, 2025 பருவங்களில் தரவரிசையில் முதலில் நின்ற ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி என்று இருந்ததால், சிறிய கான்ஃபரன்ஸ் அணி ஒன்றாவது உள்ளே வந்தது. 2025இல் ஏசிசி பட்டத்தை ஐந்து தோல்விகள் கண்ட டியூக் வென்றதால், டுலேன், ஜேம்ஸ் மேடிசன் என்று இரண்டு வந்தன.

இப்போதைய வாதம், மூன்று தோல்வி கண்ட பெரிய அணியா, ஒன்றிரண்டு தோல்வி கண்ட எளிய அட்டவணை அணியா என்பது. 2024இல் கடைசி இடம் எஸ்எம்யுவுக்குப் போனது, அலபாமா வெளியே நின்றது. அலபாமாவின் அட்டவணை கடினம் என்றார்கள். உண்மை, ஆனால் அதன் மூன்று தோல்விகளில் வாண்டர்பில்ட்டிடம் ஒன்று, ஓக்லஹோமாவிடம் 24–3 என்று ஒன்று. அட்டவணை கடினமாயிருந்தது என்பது அந்த இரண்டுக்கும் விளக்கமாகாது. எஸ்எம்யு பின்னர் பென் ஸ்டேட்டிடம் 38–10 என்று தோற்றது, அதுவும் இந்த முடிவை மாற்றாது.

பெரிய அணியோடு ஆடித் தோற்றால் தண்டனை, ஆடாமலே இருந்தால் பரிசு. பிறகு யார் கடினமான ஆட்டம் வைத்துக்கொள்வார்கள்?

எல்லாக் கேள்விகளிலும் மிகவும் நியாயமானது இதுதான். 2025இல் டெக்சஸ் முதல் ஆட்டத்தை ஓஹாயோ ஸ்டேட்டின் ஊரில் ஆடி 14–7 என்று தோற்றது. 9–3 என்று முடித்து வெளியே நின்றது. அந்த ஆட்டத்துக்குப் பதில் ஒரு கப்கேக் இருந்திருந்தால் 10–2 ஆகியிருப்போம் என்பது அவர்கள் வாதம். அதில் பொருள் உண்டு. ஆனால் அதே டெக்சஸ், நான்கே ஆட்டங்களை வென்ற ஃப்ளோரிடாவிடமும் தோற்றிருந்தது, அதைக் குழு மறக்கவில்லை. ரெக்கார்ட் வலிமையைப் பற்றி முன்பு சொன்ன அளவீடு இந்தக் குறையைப் போக்குவதற்கென்றே வந்தது. வலுவான அணியிடம் ஏழு புள்ளியில் தோற்பது வெறும் "தோல்வி" என்ற பத்தியில் மட்டும் விழாமல் இருந்தால்தான் பல்கலைக்கழகங்கள் துணியும். எஸ்இசி 9 ஆட்டங்களுக்கு மாறும்போதே, பெரிய கான்ஃபரன்ஸ் எதிரணி ஒன்றாவது வெளியிலிருந்து வேண்டும் என்ற விதியையும் வைத்துக்கொண்டிருக்கிறது.

பிக் டென் அணி என்றாலே கடினமான அட்டவணை என்று கொள்ளலாமா?

இனி கொள்ள முடியாது. 18 அணிகள் கொண்ட கான்ஃபரன்ஸில் 9 ஆட்டங்கள் என்றால் பாதிப் பேரைத்தான் சந்திக்க முடியும், யார் யார் என்பது அதிர்ஷ்டம். 2024இல் இண்டியானா ஓரிகனையும் பென் ஸ்டேட்டையும் சந்திக்கவில்லை. லூயிவில்லோடு ஏற்கெனவே இருந்த ஒப்பந்தத்தையும் ரத்து செய்திருந்தது. வலுவான எதிரணி என்று சொல்லத் தக்க ஓஹாயோ ஸ்டேட்டிடம் 38–15 என்று தோற்று, பிளேஆஃபில் நோட்டர் டேமிடமும் தோற்றதால் கேலிக்கு உள்ளானது.

2025இலும் அதன் வெளிக் கான்ஃபரன்ஸ் எதிரணிகள் ஓல்ட் டொமினியன், கென்னசா ஸ்டேட், இண்டியானா ஸ்டேட் என்று எளியவையே. ஆனால் ஓரிகனை அதன் ஊரிலும், ஓஹாயோ ஸ்டேட்டைப் பட்ட ஆட்டத்தில் 13–10 என்றும் வென்று, பிளேஆஃபில் அலபாமா, ஓரிகன், மயாமி ஆகியவற்றைத் தாண்டி 16–0 என்று தேசியப் பட்டத்தை எடுத்துக்கொண்டது. இந்த வெற்றி 2024இல் எழுப்பிய ஐயத்தைத் தவறாக்காது. அந்த ஆண்டு அவர்கள் காட்டிய சான்று குறைவுதான். அடுத்த ஆண்டு காட்டிவிட்டார்கள்.

ஒருவரை ஒருவர் நேரில் வென்றிருந்தால் அதற்கு மேல் என்ன அட்டவணைக் கணக்கு?

இரண்டு அணிகளின் ரெக்கார்டும் ஒன்றாக இருந்தால் நேர் வெற்றிதான் முடிவு செய்ய வேண்டும். 2025இல் மயாமி, நோட்டர் டேம் இரண்டும் 10–2. முதல் வாரத்தில் மயாமி 27–24 என்று வென்றிருந்தது. அப்படியும் கடைசிக்கு முந்தைய பட்டியலில் நோட்டர் டேம் 10ஆம் இடத்தில், மயாமி 12ஆம் இடத்தில். இடையில் நின்ற பிரிகம் யங் தோற்று இறங்கி, இரண்டும் அடுத்தடுத்து வந்த பின்னரே குழுவுக்கு அந்த ஆட்டம் நினைவுக்கு வந்தது போலும். இரண்டும் அந்த வாரம் ஆடவேயில்லை, ஆனால் இடம் மாறின. முடிவு சரி, வந்த வழி சரியல்ல.

மூன்று அணிகள் சேர்ந்தால் நேர் வெற்றியும் கைகொடுக்காது. 2008இல் டெக்சஸ் ஓக்லஹோமாவை 45–35 என்று வென்றது, டெக்சஸ் டெக் டெக்சஸை 39–33 என்று வென்றது, ஓக்லஹோமா டெக்சஸ் டெக்கை 65–21 என்று வென்றது. மூன்றுமே 11–1. பிக் 12 தன் விதிப்படி பிசிஎஸ் பட்டியலைப் பார்த்து ஓக்லஹோமாவைப் பட்ட ஆட்டத்துக்கு அனுப்பியது. 45–35 என்ற கணக்கை டெக்சஸ் ரசிகர்கள் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். டெக்சஸ் டெக்கிடம் தோற்றதை மட்டும் சொல்லமாட்டார்கள்.